1162: ஒரே எண், இரண்டு பதக்கம்

ஒரு படம் இருக்கிறது. 1976 மொன்றியல் ஒலிம்பிக், துவக்குச் சுடும் போட்டியின் பதக்க மேடை. முதலாம் இடத்துக்குரிய உயரமான படியில ஒருவர்தானே நிற்கவேணும்? இதில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒரு ஆண், ஒரு பெண். இரண்டு பேரும் அமெரிக்கர். தேசிய கீதம் போய்க்கொண்டிருக்கிறது. படத்தை மட்டும் பார்த்தால் தங்கத்தைப் பகிர்ந்து குடுத்திருப்பினம் எண்டுதான் நினைக்கத் தோன்றும். பகிரவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது வெள்ளி. தங்கம் வென்ற ஆண்தான் அவரைக் கையைப் பிடித்துத் தன்ர படிக்கு ஏற்றினவர்.

பெறுபேற்றுப் பட்டியலைத் தேடிப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். லானி பாஷம், 1162, தங்கம். மார்கரட் மர்டொக், 1162, வெள்ளி. மேற்கு ஜேர்மனியின் வேர்னர் சைபோல்ட், 1160, வெண்கலம்.

ஒரே எண், இரண்டு பதக்கம். வரலாறு படிக்கிற ஆக்களுக்கு இப்படி ஒரு அட்டவணை கண்ணில பட்டால் விட மனம் வராது. ஏன் எண்டு கேட்டுக்கொண்டு பின்னால போனால், இந்த ஒரு போட்டியோட அது முடியவில்லை. மர்டொக்குக்குப் பிறகு ஒரு பெண்ணின் எண்ணையும் ஒரு ஆணின் எண்ணையும் இப்படிப் பக்கத்தில பக்கத்தில வைத்துப் பார்க்கிற வசதியே இந்த விளையாட்டில நீண்டகாலத்துக்கு இல்லாமல் போனது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல்ல ஒரு விசயம். துவக்கு எண்ட சொல்லைக் கேட்டவுடன எங்கட ஊரில மனசுக்கு வாற படம் வேற. பெண்ணும் துவக்கும் எண்டால் இன்னும் வேற. அது ஒரு தனிக் கட்டுரைக்குரிய விசயம், இங்கே அதைத் தொடவில்லை. நான் சொல்லப்போவது தாளில வட்டம் கீறி, அதன் நடுவைக் குறிவைத்துச் சுடுகிற விளையாட்டைப் பற்றி மட்டும்.

அந்த விளையாட்டு எப்படி நடக்கிறது எண்டு கொஞ்சம் விளங்கப்படுத்த வேணும், ஏனெண்டால் எங்களில் பெரும்பாலானோர் அதை நேரில கண்டதில்லை. மர்டொக் சுட்டது சிறுவாய் ரைபிளில், அதாவது 5.6 மில்லிமீற்றர் தோட்டா போகிற ரைபிள். இலக்கு 50 மீற்றர் தூரத்தில். மூன்று நிலைகளில் சுடவேணும்: குப்புறப் படுத்து, நின்று, ஒரு காலில் முழங்காலிட்டு. அப்ப ஒவ்வொரு நிலையிலும் 40 சூடு, மொத்தம் 120. நடு வட்டத்தில பட்டால் 10 புள்ளி. ஆக எல்லாம் சரியாகப் பட்டால் 1200.

எயார் ரைபிள் இதற்குத் தங்கச்சி மாதிரி. தூரம் 10 மீற்றர்தான். அமுக்கி வைத்த காற்று 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டைத் தள்ளும். பத்துப் புள்ளிக்கான நடுப்புள்ளியின் அகலம் எவ்வளவு தெரியுமோ? அரை மில்லிமீற்றர். பேனை முனையால ஒரு குத்து வைத்தால் வருகிற அளவு.

இதுக்கு என்ன தேவை? பெரிய தசை தேவையில்லை. வேகம் தேவையில்லை. அசையாமல் நிற்கத் தெரிந்த உடம்பு வேணும். மூச்சைக் கொஞ்சம் வெளியே விட்டு, மிச்சத்தை நிறுத்தி, இதயம் அடித்து ஓய்கிற அந்தச் சின்ன இடைவெளிக்குள்ள விசையை அழுத்துகிறார்கள். அதை ஒவ்வொரு முறையும் முதல் முறை மாதிரியே செய்யவேணும். நூறு மீற்றர் ஓட்டத்திலயோ பாரம் தூக்குகிறதிலயோ ஆண், பெண் எண்டு பிரிக்கிறதுக்கு உடம்பில ஒரு காரணம் காட்டலாம். இங்கே அந்தக் காரணத்தைக் காட்டுகிறது கஷ்டம். கன காலமாகப் பெண்களை வெளியே வைத்திருந்தது உடம்பு இல்லை. துவக்கு ஆம்பிளையளின்ர சாமான் எண்ட எண்ணம்தான், அதோட இராணுவமும் வேட்டைக் கழகங்களும் இந்த விளையாட்டை வளர்த்தெடுத்த விதம்.

அந்த எண்ணம் எப்பவோ உடையத் தொடங்கியிருந்தது. இங்கிலாந்தில பிஸ்லி எண்டொரு இடம், பிரிட்டிஷ் சுடும் விளையாட்டின் தலைநகரம் மாதிரி. அங்கே அரசரின் பெயரில வருசா வருசம் ஒரு பரிசு. 1930இல் அதை மார்ஜரி பொஸ்டர் எண்ட பெண் வென்றார். கோழிப்பண்ணை வைத்திருந்தவர். இரண்டாமிடத்துக்கு வந்த இராணுவ அதிகாரியை விட ஒரு புள்ளி கூட. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனா ஒலிம்பிக்கில சுடுதல் 1896இல் இருந்தே இருந்தும், முதலாவது பெண் அங்கே சுட 1968 மெக்சிக்கோ வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த வருசம் மூன்று பெண்கள் வந்தார்கள்: மெக்சிக்கோவின் நூரியா ஓர்ட்டிஸ், பெருவின் கிளாடிஸ் டி செமினாரியோ, போலந்தின் யூலாலியா ரோலின்ஸ்கா. பெண்களுக்கெண்டு தனிப் போட்டி இல்லை. ஆண்களோட ஒரே வரிசையில நின்றுதான் சுட்டார்கள்.

இப்ப மர்டொக்குக்கு வருவோம். 1942இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில டொபீகா எண்ட ஊரில பிறந்தவர். பிறந்தபோது மார்கரட் தொம்சன். கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில படிக்கிற காலத்திலேயே பல்கலைக்கழக ரைபிள் அணியில ஆண்களோட சேர்ந்து சுட்டார். அது 1960களின் தொடக்கம். கல்வி நிறுவனங்களில பால் பாகுபாட்டைத் தடுக்கிற அமெரிக்கச் சட்டம் வந்தது 1972இல்தான். அதுக்குப் பத்து வருசத்துக்கு முந்தி, பல்கலைக்கழகத்தில பெண் பிள்ளையளுக்கு விளையாட்டு எண்டு பெரிதாக ஒன்றும் இல்லாத காலத்தில, இவர் ஆண்களின் அணிக்குள்ள இடம் எடுத்தது சின்ன விசயம் இல்லை. ஒருவேளை துவக்குச் சுடுதல் எண்டபடியால்தான் அது முடிந்ததோ எண்டும் எனக்கு ஒரு யோசனை. உதைபந்தாட்ட அணியில சேரப்போறன் எண்டு போயிருந்தால் வாசலிலயே மறித்திருப்பினம். இங்கே இலக்குத் தாளை எடுத்துக் காட்டினால் யாரும் வாதாட ஏலாது. ஓட்டை எங்கே விழுந்திருக்கு எண்டதுதான் கேள்வி.

படிப்பு முடிய இராணுவத்தில சேர்ந்தார். ஜோர்ஜியா மாநிலத்தில போர்ட் பென்னிங் முகாமில அமெரிக்க இராணுவத்தின் சுடும் விளையாட்டுப் பிரிவு இருந்தது. ஒலிம்பிக், உலகப் போட்டிகளுக்கு ஆட்களைத் தயார்படுத்துகிற இடம். இதில ஒரு முரண் இருக்கு, கவனியுங்கோ. அந்தக் காலத்தில அமெரிக்க இராணுவப் பெண்களைப் போர்முனைக்கு விடமாட்டார்கள். அந்தத் தடையை எடுப்பதாக அறிவித்தது 2013இல்தான். அதே இராணுவம் நாட்டிலேயே திறமாகச் சுடுகிற ஆட்களில ஒருவராக ஒரு பெண்ணைச் சம்பளம் குடுத்து வைத்திருந்தது. தாளைச் சுடலாம், பதக்கம் கொண்டு வரலாம், அவ்வளவும்தான்.

பதக்கமும் கொண்டுவந்தார். 1967இல் கனடாவின் வின்னிப்பெக் நகரில பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டி. சிறுவாய் ரைபிளில தங்கம் வென்றதோட, அதுவரை ஆண்கள் வைத்திருந்த உலக சாதனையையும் தாண்டினார். எந்த விளையாட்டை எடுத்தாலும் ஒரு பெண் ஆண்களின் உலக சாதனையைத் தாண்டிய முதல் சந்தர்ப்பம் எண்டு இதைத்தான் பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். 1970இல் பீனிக்ஸ் நகரில உலகப் போட்டி. நின்று சுடும் பிரிவில, ஆண்களையும் சேர்த்து எல்லாரையும் வென்று உலகச் சம்பியன் ஆனார். அப்ப அவர் நாலு மாதக் கர்ப்பிணி.

இந்தக் கடைசி வரியைத்தான் இவரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் பெரிதாக எடுத்துப் போடுவார்கள். எனக்கு அதில கொஞ்சம் சலிப்பு. வயிற்றில பிள்ளையோட எண்டு ஆச்சரியப்படுகிறதுக்குள்ள, அவர் அந்த நாள் எப்படிச் சுட்டார் எண்ட கதை காணாமல் போகுது. ஆனாலும் நின்று சுடுகிறதுதான் மூன்று நிலைகளிலும் கடினமானது எண்டதை யோசித்தால், அந்த வரியைத் தூக்கி எறியவும் மனமில்லை. படுக்கும்போது நிலம் தாங்கும். முழங்காலிட்டால் கால் தாங்கும். நிற்கும்போது ரைபிளின் பாரம் முழுக்க எலும்பிலும் இடுப்பிலும்தான். அந்த இடுப்பின் சமநிலை மாறிக்கொண்டிருக்கிற மாதங்களில அவர் உலகத்தை வென்றிருக்கிறார்.

பிறகு மொன்றியல், 1976. அமெரிக்க ஒலிம்பிக் சுடும் அணியில இடம்பிடித்த முதல் பெண்ணாகப் போனார். அப்ப அவருக்கு வயது 33. அதே அணியில லானி பாஷம். பாஷமும் இராணுவத்து ஆள். நாலு வருசத்துக்கு முந்தி மியூனிக்கில இதே மூன்று நிலைப் போட்டியில தங்கம் வெல்லுவார் எண்டு எதிர்பார்க்கப்பட்டு, பதற்றத்தில சறுக்கி வெள்ளியோட வந்தவர். அந்தத் தோல்விக்குப் பிறகு மனதை எப்படிப் பயிற்றுவிக்கிறது எண்டு தேடித் தேடிப் படித்தவர். பின்னாளில அதையே தொழிலாக்கி மற்ற வீரர்களுக்கும் சொல்லிக்குடுத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள்.

போட்டி முடிந்தது. அப்ப மின்னணு இலக்கு இல்லை. தாள் இலக்குகளைச் சேகரித்து, ஆட்கள் கண்ணாலயும் கருவியாலயும் பார்த்துப் புள்ளி போடுவார்கள். நேரம் எடுக்கும். முதல்ல வந்த கணக்கில மர்டொக் ஒரு புள்ளி முன்னால நின்றார். 1162, பாஷம் 1161. தங்கம் மர்டொக்குக்குத்தான் எண்டிருந்த நேரத்தில, பாஷமின் புள்ளியில ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தினார்கள். அவருக்கும் 1162.

சமநிலை. இப்ப என்றால் இரண்டு பேரையும் திரும்ப நிறுத்தி ஒவ்வொரு சூடாகச் சுடவிட்டு முடிவு எடுப்பார்கள். அன்றைய விதியில அது இல்லை. பத்துப் பத்துச் சூடாகப் பிரித்த தொகுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கிற முறைதான் இருந்தது. அந்த ஒப்பீட்டில பாஷம் முன்னால வந்தார். தங்கம் அவருக்கு.

பாஷம் என்ன செய்தார் எண்டது இந்தக் கதையில முக்கியம். விதிப்படி வென்றாயிற்று, நாலு வருசமாகக் காத்திருந்த தங்கம் கையில. பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் போய் இரண்டு பேருக்கும் தங்கம் குடுக்கச் சொல்லிக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அதனால்தான் மேடையில அந்தக் கை நீட்டல். பதக்கத்தை மாற்ற ஏலாது, ஆனா யார் எந்தப் படியில நிற்கிறது எண்டதை அந்த இரண்டு நிமிசத்துக்கு அவரால மாற்ற முடிந்தது. (2021இல் டோக்கியோவில உயரம் பாய்தலில கட்டாரின் பார்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்தபோது உலகமே அழுதது ஞாபகம் இருக்கும். அவர்களுக்கு விதி இடம் குடுத்தது. 45 வருசத்துக்கு முந்தி இவர்களுக்கு விதி இடம் குடுக்கவில்லை.)

இப்படி ஒலிம்பிக் சுடுதலில பதக்கம் வென்ற முதல் பெண் ஆனார் மர்டொக். பிறகு ஒலிம்பிக் பக்கம் வரவில்லை. தாதியர் தொழிலுக்குப் போய் ஊரோட இருந்துவிட்டார்.

இதுக்குப் பிறகு என்ன நடந்திருக்க வேணும் எண்டு யோசியுங்கோ. ஒரு பெண் உலகச் சம்பியன், உலக சாதனை, ஒலிம்பிக்கில ஆணோட சமன். இந்த விளையாட்டில ஆண், பெண் பிரிவு தேவையில்லை எண்டுதானே முடிவு வரவேணும்? நடந்தது நேர்மாறு. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில பெண்களுக்கெண்டு மூன்று தனிப் போட்டிகள் வந்தன. அதில ஒன்று எயார் ரைபிள். எயார் ரைபிள் ஒலிம்பிக்குக்கு வந்ததே அந்த வருசம்தான், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எண்டு பிறக்கும்போதே பிரிந்து பிறந்தது.

இதைப் பெண்கள் வெல்லத் தொடங்கினதால பயந்து பிரித்துவிட்டார்கள் எண்டு ஒரே வரியில சொல்லிவிடலாம். சொல்லவும் ஆசைதான். ஆனா நியாயமாகப் பார்த்தால் மற்றப் பக்கமும் இருக்கு. போட்டி எல்லாருக்கும் பொது எண்டு இருந்த காலத்தில ஒலிம்பிக்குக்கு வந்த பெண்கள் மிகச் சொற்பம். ஒரு நாட்டுக்கு இரண்டு இடம்தான் எண்டால், அந்த இரண்டுக்கும் ஆணை அனுப்புகிற நாடுகள்தான் கூட. தனிப் போட்டி வந்தவுடன ஒவ்வொரு நாடும் பெண்களைத் தேடிப் பயிற்றுவிக்கத் தொடங்கின. 1984இல் பெண்களுக்கான எயார் ரைபிளில அமெரிக்காவின் பட் ஸ்பேர்ஜின் எண்ட 18 வயசுப் பிள்ளை தங்கம். ரைபிள் மூன்று நிலையில சீனாவின் வூ சியாவ்சுவான் தங்கம். ஒலிம்பிக்கில தங்கம் வென்ற முதல் சீனப் பெண் அவர். பொதுப் போட்டியாகவே விட்டிருந்தால் இவர்கள் வந்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். எங்கட பக்கத்து நாடுகளை யோசித்தால் இன்னும் சந்தேகம். ஒரு இடம்தான் இருக்கு, தம்பியை அனுப்பவா தங்கச்சியை அனுப்பவா எண்டு கேட்டால் எங்கட அதிகாரிமார் யாரை அனுப்புவினம் எண்டு உங்களுக்கும் தெரியும்.

ஆக, பிரித்ததில எனக்கு அவ்வளவு கோவம் இல்லை. கோவம் வருவது அதோட சேர்த்துச் செய்த இன்னொரு வேலையில. எயார் ரைபிளில ஆண்களுக்கு 60 சூடு, பெண்களுக்கு 40. மூன்று நிலையில ஆண்களுக்கு 120, பெண்களுக்கு 60. ஏன்? பெண்களுக்குக் களைக்கும் எண்டோ? மர்டொக் வின்னிப்பெக்கிலயும் மொன்றியலிலயும் களைக்காமல்தானே சுட்டவர்.

சூட்டின் எண்ணிக்கை வேறானால் கூட்டுத்தொகையும் வேறாகும். ஆண்களுக்கு 600இல், பெண்களுக்கு 400இல். பெண் ஒருவர் 400க்கு 399 எடுத்தாலும் அதை ஆணின் 596க்குப் பக்கத்தில வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. மர்டொக்கின் 1162ஐயும் பாஷமின் 1162ஐயும் ஒரே நிரலில வைத்துப் பார்த்ததாலதான் எங்களுக்கு அந்தக் கேள்வி வந்தது. 1984க்குப் பிறகு முதற்சுற்றுப் பட்டியல்களில அப்படிப் பார்க்கிற வழி அடைபட்டுப் போனது. சதி செய்து அடைத்தார்கள் எண்டு நான் சொல்ல வரவில்லை. அப்படி எழுத ஆதாரம் என்னட்ட இல்லை. ஆனா விளைவு அதுதான். அது 34 வருசம் நீடித்தது.

ஒரு கதவு மட்டும் இன்னும் கொஞ்சக் காலம் திறந்திருந்தது. பறக்கிற களிமண் தட்டுகளைச் சுடுகிற ஸ்கீட் போட்டி. அது 1992 வரை இரு பாலாருக்கும் பொது. அந்தப் பார்சிலோனா ஒலிம்பிக்குக்குச் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில இருந்து சாங் ஷான் வந்தார். வயது 24. முதல் சுற்றில 150 தட்டு, 150உம் சரி. அரையிறுதியில 50 தட்டு, 50உம் சரி. இருநூற்றுக்கு இருநூறு. இறுதியில 25க்கு 23. மொத்தம் 223. பெருவின் ஹுவான் கிஹாவும் இத்தாலியின் புரூனோ ரொசெட்டியும் 222. ஒலிம்பிக் வரலாற்றில ஆண்களையும் சேர்த்து வைத்த சுடும் போட்டியில தங்கம் வென்ற ஒரே பெண் சாங் ஷான்தான். மேடையில அந்த இரண்டு ஆண்களும் அவரை அப்படியே தூக்கிப் பிடித்தார்கள்.

நாலு வருசம் கழித்து அட்லாண்டா. ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கெண்டு தனி ஸ்கீட்டும் இல்லை. நடப்புச் சம்பியனுக்குத் தன்ர தங்கத்தைக் காப்பாற்றப் போட்டியே இல்லை. பெண்களுக்கான ஸ்கீட் வந்தது 2000 சிட்னியில. சாங் ஷான் அதில எட்டாவதாக வந்தார். எட்டு வருசம் எண்டது ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு எவ்வளவு எண்டு சொல்லத் தேவையில்லை. மர்டொக்கின் விசயத்தில மற்றப் பக்கத்து நியாயத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைத்தது. இதில தேடியும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தனிப் போட்டியை முதல்ல உருவாக்கிவிட்டுப் பிறகு பழையதை மூடியிருக்கலாம். மூடினது முந்தி, உருவாக்கினது பிந்தி.

இந்த இடைக்காலத்தில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில மட்டும் ஒரு பழைய வழக்கம் சத்தமில்லாமல் தொடர்ந்தது. அங்கே தேசியப் பல்கலைக்கழக ரைபிள் போட்டியில ஆணும் பெண்ணும் இன்றைக்கும் ஒரே வரிசையிலதான். ஒரே சூட்டு எண்ணிக்கை, ஒரே பட்டியல். 2010இல் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் முழுக்க முழுக்கப் பெண்களைக் கொண்ட அணியோட போய் அந்தச் சம்பியன் பட்டத்தை வென்றது.

2018இல்தான் சர்வதேச விதி மாறியது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே சூட்டு எண்ணிக்கை. எயார் ரைபிளில எல்லாருக்கும் 60. இறுதிச் சுற்று மட்டும் அதுக்குச் சில வருசங்கள் முந்தியே சமனாக இருந்தது. ஒரே எண்ணிக்கை, முதற்சுற்றுப் புள்ளிகளைச் சேர்க்காமல் பூச்சியத்தில இருந்து தொடக்கம், தசமத்தில கணக்கு. அதனால கடைசி மூன்று ஒலிம்பிக்கின் எயார் ரைபிள் இறுதிச் சுற்றுகளை எடுத்து மர்டொக், பாஷம் மாதிரிப் பக்கத்தில வைத்துப் பார்த்தேன்.

ரியோ 2016: பெண்களில தங்கம் வென்ற அமெரிக்காவின் வேர்ஜினியா திரஷர் 208.0. ஆண்களில தங்கம் வென்ற இத்தாலியின் நிக்கொலோ கம்ப்ரியானி 206.1. டோக்கியோ: சீனாவின் யாங் சியென் 251.8, அமெரிக்காவின் வில்லியம் ஷேனர் 251.6. பாரிஸ் 2024: தென்கொரியாவின் 16 வயசு பான் ஹ்யோஜின் 251.8, சீனாவின் ஷெங் லிஹாவ் 252.2. இரண்டு தடவை பெண் மேல, ஒரு தடவை ஆண் மேல. வேற வேற நாளில, வேற வேற ஆட்களோட போட்டிபோட்டு எடுத்த எண்கள் எண்டபடியால் இதை வைத்து யார் திறம் எண்டு தீர்ப்புச் சொல்ல ஏலாது. ஆனா வித்தியாசம் எவ்வளவு சின்னது எண்டு பாருங்கோ. இதில திரஷரும் ஷேனரும் நான் மேலே சொன்ன அந்தக் கலப்புப் பல்கலைக்கழகப் போட்டியில சுட்டு வளர்ந்தவர்கள். ஷேனருக்குப் பக்கத்துத் தடத்தில பெண் ஒருவர் நின்று சுடுகிறது புதினமே இல்லை.

டோக்கியோவில இருந்து ஆணும் பெண்ணும் சோடியாகச் சுடுகிற கலப்பு அணிப் போட்டியும் ஒலிம்பிக்கில இருக்கு. ஒவ்வொரு அணியிலும் ஒரு ஆண், ஒரு பெண். பார்க்க அழகான போட்டி. ஆனா அதை மர்டொக் காலத்துக்குத் திரும்பிப் போனதாகச் சிலர் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே இரண்டு பேரின் புள்ளியையும் கூட்டுகிறார்கள். மொன்றியலில ஒப்பிட்டார்கள்.

டோக்கியோவின் பெண்களுக்கான எயார் ரைபிள் 2021 ஜூலை 24 காலையில நடந்தது. அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கம் அதிலதான். யாங் சியென் வென்ற அதே போட்டியின் முதற்சுற்றில, கடலூரில பிறந்து அகமதாபாத்தில வளர்ந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காகச் சுட்டார். இலங்கைக்காகத் தெஹானி எகொடவெல சுட்டார். இரண்டு பேரும் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் சுட்டது 60 சூடு. அடுத்த நாள் ஆண்கள் சுட்டதும் 60. அதுக்கு முந்தின ஒலிம்பிக்காக இருந்திருந்தால் இவர்களை 40இல் நிறுத்தியிருப்பார்கள்.